தலைப்பில் எலி இல்லை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்கெல்லாம் மூளை வந்துவிடும். அனுப்புவது சித்தப்பா. மனிதன் தன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான். இடது கையால் பல் துலக்கினால் ஞாபகசக்தி பெருகும். தங்கமீனுக்கு நினைவு மூன்றே நொடி. கடைசியில் எனக்கென்று ஒரு வரி இருக்கும்: “டாக்டரம்மா, இது உண்மையா?” நான் இல்லை என்று எழுதுவதற்குள் அத்தைகள் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி முடித்திருப்பார்கள்.

நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. மூளை நரம்பியலில் நான்காம் வருட ஆராய்ச்சி மாணவி. இதை எத்தனை முறை சொன்னாலும் சித்தப்பாவின் காதில் ஏறாது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவருக்கே போன் போட்டுவிட்டேன்.

“மீதித் தொண்ணூறு சதவீதத்தைச் சும்மா பூட்டி வைக்க அதென்ன விருந்தாளி ரூமா சித்தப்பா? தூங்கும்போதுகூட மொத்த மூளையும் வேலை செய்யுது.”

“அப்படின்னா பத்திரிகைக்காரன் பொய் சொல்றானா?”

“ஆமா. நீங்க அதை நாப்பது பேருக்கு அனுப்பறீங்க.”

அதோடு விட்டேனா? அரை மணி நேரம் வகுப்பே எடுத்தேன். எந்த அறிவியல் செய்தியைப் பார்த்தாலும் முதலில் ஒன்றைத் தேட வேண்டும், யாரை வைத்துச் செய்தார்கள் என்று. இருபது கல்லூரி மாணவர்களை வைத்தா, பத்து எலிகளை வைத்தா, கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களை வைத்தா? அதைப் போடாத செய்தி செய்தியே இல்லை, குப்பை. குப்பை என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன். சித்தப்பா இரண்டு நாள் குழுவில் எதுவும் அனுப்பவில்லை. கோபம் உனக்கு மூக்குமேலேயே குடியிருக்கிறது என்று அம்மா திட்டினாள்.

அப்பா இப்படி எதையும் அனுப்புகிறவர் இல்லை. அவர் கேட்கிறவர். இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கண்ணாடியில் ஐம்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே சாலையையும் பார்த்துப் பழகியதில் அவருக்கு எல்லாமே கேள்வியாகிவிட்டது.

“முன் சீட்டுல ஒரு பிள்ளை கொட்டாவி விட்டா கடைசி சீட்டு வரைக்கும் போயிடுது. அது ஏம்மா?”

“சரியாத் தெரியாதுப்பா.”

“நம்மளை நாமே கிச்சுகிச்சு மூட்டினா ஏன் சிரிப்பு வர்றதில்ல?”

இது தெரியும். நம் கை எங்கே படப்போகிறது என்று மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது, அதனால்தான். சொன்னதும் அவர் தன் விலாவில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு, “சரிதான்” என்றார். அந்த மாதிரிக் காலைகளில் எனக்கு என் படிப்பின் மேல் ஆசையாக இருக்கும்.

பதினோரு மாதத்துக்கு முன்னால், பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா அப்படியே குளியலறையில் விழுந்தார். வலிப்பு. ஒரு வாரத்தில் இன்னொரு முறை. மருத்துவர் காலை ஒன்று இரவு ஒன்று என்று மாத்திரை எழுதினார். வலிப்பே வராமல் ஒரு முழு வருடம் போனால் சான்றிதழ் தருவதாகவும், அதைக் காட்டி மறுபடி பேருந்து ஓட்டலாம் என்றும் சொன்னார். பள்ளியும் காத்திருக்க ஒப்புக்கொண்டது. அதுவரை அப்பா வீட்டில். எதிர் வீட்டுக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதுகூட அவருக்குப் பாடமாகிவிட்டது. அந்த மாத்திரையோ கையை நடுங்க வைத்தது. பேச்சின் நடுவே சொல் கிடைக்காமல் நிற்பார். “தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு” என்பார். ஆனாலும் பொறுத்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை காலையில் அவருக்கு இன்னும் இருபத்தாறு நாட்கள்தான் பாக்கி.

அன்று எனக்குத் தலைவலி. மாத்திரை தேடி அலமாரியைத் திறந்தேன். அப்பாவின் மாத்திரை அட்டை ஒன்று மிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தன. அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதை அம்மா எப்போதோ விட்டுவிட்டாள். நான் என்ன குழந்தையா என்று அவர் ஒரு நாள் கேட்டுவிட்டார், அதிலிருந்து.

நான்கு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அப்பா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

“இது என்னப்பா?”

“மாத்திரை.”

“ஏன் இவ்வளவு இருக்கு?”

அவர் ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தார். “மூணு வாரமா ராத்திரி மாத்திரை போடல. பத்து நாளா காலையிலயும் இல்ல.”

“பைத்தியமா உங்களுக்கு? யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?”

“கத்தாதே. நீ சொன்னதைத்தான் செய்யறேன்.”

“நான் எப்ப சொன்னேன்?”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்தார். அதற்குப் பிளாஸ்டிக் உறைகூடப் போட்டு வைத்திருந்தார். ‘ஆழ்ந்த தூக்கம் வலிப்பைக் குறைக்கும்: ஆய்வில் கண்டுபிடிப்பு.’ இரண்டாவது வரியில் என் பெயர் இருந்தது, அதற்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார்.

நான் சித்தப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்தேன். யாரை வைத்துச் செய்தார்கள் என்று தேடினேன். மேலிருந்து கீழ் வரை மூன்று முறை படித்தும் எலி என்ற சொல் எங்குமே இல்லை.

என் ஆராய்ச்சி பதினான்கு சுண்டெலிகளை வைத்துச் செய்தது. அவற்றின் மண்டையில் முடியைவிட மெல்லிய கம்பியைப் பொருத்தி, அவை தூங்கும்போது மூளையில் ஓடும் மின்னோட்டத்தைத் திரையில் பதிய வைப்போம். வலிப்புக்கு முன்னோடியான கூர்முனைகள் அந்தக் கோட்டில் எங்கெங்கே வருகின்றன என்று ஒன்றரை வருடம் உட்கார்ந்து குறித்தவள் நான். ஆழ்ந்து தூங்கிய எலிகளுக்கு அந்தக் கூர்முனைகள் கொஞ்சம் குறைவாக வந்தன. அவ்வளவுதான் விஷயம்.

என் ஆய்வுக் கட்டுரை வெளியானதும் பல்கலைக்கழகத்தின் செய்திப் பிரிவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பத்திரிகைகளுக்கு அனுப்பப்போகும் குறிப்பைப் படித்துக் காட்டினார். தலைப்பில் ‘எலிகளுக்கு’ என்று இருந்தது.

“மேடம், எலின்னு போட்டா எவனும் படிக்கமாட்டான். தலைப்பும் நீளமா இருக்கு. எலியை நாலாவது பத்தியில போட்டுக்கலாமா?”

அப்போது கையில் ஒரு எலி இருந்தது. இன்னொரு கையில் போன். பேராசிரியருக்குச் செய்தி பெரிதாக வந்தால் சந்தோஷம். எனக்கு மட்டும் என்ன, கசக்குமா? நான்கு வருடத்தில் என் வேலையைப் பற்றி வெளியாள் ஒருவர் கேட்டது அதுதான் முதல் முறை. “சரி, எடுத்துடுங்க” என்றேன். பத்திரிகையில் இடம் பற்றாமல் மூன்று பத்தியோடு நிறுத்திவிட்டார்கள்.

“எட்டு மணி நேரம் தூங்கறேன்,” என்றார் அப்பா. “மத்தியானம் ஒரு மணி நேரம். ஒரு நாள் தவறல. இங்க பாரு.” இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். நடுக்கமே இல்லை. “பேச்சும் தடுமாறல. வண்டி ஓட்டற ஆள் மாதிரி இருக்கேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா.”

“கேட்டா நீ கத்துவே. உன் சித்தப்பாகிட்டக் கத்தற மாதிரி.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பத்திரிகைக்காரன்மேல், செய்திப் பிரிவுக்காரர்மேல், பதினான்கு எலிகள்மேல், இப்படிக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற அப்பாமேல். அது எலிக்கு என்று அப்போதே சொல்லியிருக்கலாம், ஒரே வரிதான். ஆனால் அந்தச் சொல்லை எடுத்தது யார் என்ற கேள்வி அடுத்து வரும். “அதெல்லாம் அப்புறம். கிளம்புங்க, டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்” என்று மட்டும் சொன்னேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே, பாதி தைத்த சட்டையை வைத்துவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டார். செய்தித் துண்டை மறக்காமல் அந்தச் சட்டைப் பைக்கு மாற்றினார்.

மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் ஆறு பேர். நாற்காலிகள் வரிசையாக ஒரே கம்பியில் பொருத்தியவை. யாராவது எழுந்தால் வரிசை மொத்தமும் ஆடும். அப்பா பக்கத்தில் இருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டார். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போனதும் எதற்கு வந்தோம் என்று ஏன் மறந்துபோகிறது தெரியுமா, என் பெண்ணிடம் கேட்டால் சொல்லுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா என் பக்கம் திரும்பினார். திரும்பிய முகம் அப்படியே நின்றுவிட்டது.

வலது கை முதலில் இழுத்தது. பிறகு உடம்பு மொத்தமும். நாற்காலி வரிசையே தடதடவென்று ஆட, அதில் உட்கார்ந்திருந்த எல்லோரும் எழுந்து விலகினார்கள். நான் அவரைத் தரையில் சாய்த்தேன், ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், கழுத்துப் பொத்தானைக் கழற்றினேன். செவிலியர்கள் ஓடி வந்தார்கள். எல்லாம் முடிந்து உள்ளே படுக்க வைத்த பிறகு மருத்துவர் அம்மா என்னிடம் முதலில் கேட்டது, “எவ்வளவு நேரம் இருந்தது?”

எனக்குத் தெரியவில்லை. எலிக்கு வந்தால் நொடியின் நூறில் ஒரு பங்கு வரை குறித்து வைப்பவள், அப்பாவுக்கு வந்தபோது கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

“மாத்திரையை நிறுத்தினாரா?”

“ஆமா.”

அவர் பேனாவை மேஜையில் போட்டார். “இந்த மாசத்துல இது மூணாவது. ஒரு காலேஜ் பையன் படியில விழுந்து தாடையை உடைச்சுக்கிட்டான். ஒரு அம்மா அடுப்புக்கிட்ட நின்னுட்டு இருந்திருக்காங்க. எல்லாரும் அதே பேப்பர் செய்தியைக் காட்டறாங்க. நல்லாத் தூங்கினாப் போதுமாம். எவன் எழுதினானோ, நேர்ல வந்தா நாலு வார்த்தை கேக்கணும்.”

கட்டிலில் அப்பா கண்ணைத் திறந்திருந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டிருந்ததால் உதட்டோரம் ரத்தம். எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் எழுதினான் என்ற சொல் மட்டும் காதில் விழுந்துவிட்டது.

“பொண்ணு,” என்றார் குழறலாக.

“என்னங்கய்யா?” மருத்துவர் குனிந்தார்.

“அதை எழுதினது என் பொண்ணு. அதோ நிக்கிறா பாருங்க.” கையைத் தூக்கி என்னைக் காட்டினார். முகம் முழுக்கப் பெருமை.

மருத்துவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“எலிங்களை வச்சுப் பண்ணினது மேடம்,” என்றேன். “தலைப்புல எலின்னு இருந்தது. எடுக்கலாமான்னு கேட்டாங்க. எடுக்கச் சொன்னது நான்தான்.”

அவர் மருந்துச் சீட்டை எழுதினார். எழுதி முடித்து என் கையில் கொடுத்துவிட்டு, “திருத்தம் போடச் சொல்லுங்க. இன்னைக்கே. அப்பாகிட்ட மிச்சத்தை நீங்களே சொல்லிடுங்க” என்று அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

செய்திப் பிரிவுக்காரருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு மெல்லத் தெளிந்து வந்தது. அம்மா எங்கே என்றார், வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். தண்ணீர் கேட்டார். குடித்ததும் கையை முகத்துக்கு நேரே தூக்கி விரல்களைப் பார்த்தார்.

“எனக்கு வந்துடுச்சா?”

“வந்துடுச்சுப்பா.”

“சின்னதுதானே? இன்னும் இருபத்தாறு நாள்தானே இருக்கு. டாக்டரம்மாகிட்ட நீ பேசினா…”

“இல்லப்பா. மறுபடி முதல்லேருந்து. இன்னைக்கு ஆரம்பிச்சு ஒரு வருஷம்.” நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்து மீதியையும் சொன்னேன். “அது எலிங்களுக்குப்பா. மனுஷங்களை வச்சுப் பண்ணவே இல்ல. தலைப்புல அதைப் போட வேண்டாம்னு நான்தான் சொன்னேன். படிக்க நல்லா இருக்கட்டும்னு.”

அவர் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அடுத்த வருடம் அறுபது முடிகிறது. அறுபதுக்கு மேல் பள்ளிப் பேருந்து கொடுக்க மாட்டார்கள். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கத்தட்டும் என்று காத்திருந்தேன். நான் சித்தப்பாவைத் திட்டியதில் பாதி திட்டினாலே போதும், ஆறுதலாக இருக்கும் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டிருந்தேன்.

“சரிம்மா,” என்றார் கடைசியில். “நீ கிளம்பு. சனி ஞாயிறுன்னாலும் எலிங்களுக்குத் தீனி வைக்கணும்னு சொல்வியே. மணி ஆயிடுச்சு பாரு, அதுங்க என்ன பண்ணும், பாவம்.”