இடது பக்கத்து பெல்ட்

நாளைப் பயணத்துக்குச் சரிவருமா என்று பார்க்க அப்பாவின் காரில் முன்னால் ஏறி உட்கார்ந்த ஷாமினி, பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். தோளுக்கு மேலே அது வெளியே வரும் இடத்தை ஒரு நீலத் துணிக் கிளிப்பு கவ்விப் பிடித்திருந்தது. பெல்ட் அவள் மடியில் தொளதொளவென்று கிடந்தது.

"இந்தக் கிளிப்ப எடுத்துடுங்கப்பா. கண்டிப்பா பெல்ட் போடணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

ஏழு மாதக் கர்ப்பிணி. நாளைக்குச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அர்ச்சுனன்தான் மகளை அழைத்துப்போக வேண்டும். மருமகனுக்குச் சுங்கை காடுட் தொழிற்சாலையில் பகல் ஷிப்டு. ஆனால் அந்தக் கிளிப்பை மாட்டியவள் தனலெட்சுமி. போன வருஷம் சர்க்கரை நோய் அவளைக் கொண்டுபோனதிலிருந்து மனைவியின் இருக்கையை அவர் துடைக்கக்கூட இல்லை.

"பின்னால உக்காந்துக்கயேம்மா."

"அங்கயும் போடணும்லா. பக்கிள் சீட்டுக்குள்ள போயி எங்க இருக்குன்னே தெரியல."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வீட்டுக்குள் போய்விட்டாள்.

பட்டுச்சேலை கசங்கிவிடும் என்பதுதான் தனலெட்சுமியின் கவலை. எஸ்டேட் லாரி ஓட்டியவர் லயத்து வீட்டு வாசலில் சொந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது லேசான காரியமா? அதில் கல்யாணத்துக்குப் போய் இறங்கும்போது மடிப்பு குலையலாமா? "மாட்டுன மாதிரியும் இருக்கணும், அமுக்கவும் கூடாது. போலீஸ் சம்மன் வராம இருந்தா போதும்லா" என்று கொடியிலிருந்த கிளிப்பைக் கொண்டுவந்து மாட்டினாள். அவரும் சிரித்தாரே தவிர தடுக்கவில்லை. பிரேக் போடும்போதெல்லாம் அவருடைய இடது கை தானாக அவள் குறுக்கே நீண்டுவிடும். "பெல்ட்டு வந்துருச்சி" என்பாள். அதைக் கேட்பதற்காகவே லுக்குட் ரோட்டில் சும்மா பிரேக்கை மிதித்த நாள்களும் உண்டு. எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். அந்தக் கை எதைத் தாங்கியிருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்த்தார்.

மதியம் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீரோடு வந்தார். கிளிப்பை எடுத்துவிட்டுப் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். வெளியே கிடந்த பகுதி நரைத்திருந்தது. இத்தனை வருஷம் உள்ளே சுருண்டிருந்தது புதுசு போலக் கறுப்பாக வந்தது. நூல் பிரிந்திருக்கிறதா என்று ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். எங்கும் பிரியவில்லை. தோள்பட்டை படும் இடத்தில் சந்தனமும் பவுடரும் அப்பியிருந்தன. ஈரத்துணி பட்டதும் அவள் வாசனை எழும்பியது. அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே துடைத்தார்.

ஈரத்தோடு உள்ளே போகக் கூடாது என்பதால், காயும்வரை அதே கிளிப்பால் பிடித்து வைத்தார். சாயங்காலம் கழற்றியதும் பெல்ட் மெதுவாக ஏறிப் பழைய மடிப்பில் நின்றது. பிறகு ஒரு சின்ன முனகலோடு உள்ளே போனது. வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். நகராமல் பிடித்துக்கொண்டது. கிளிப்பை எறிய மனசு வராமல் டேஷ்போர்டின் மேல் வைத்தார்.

காலையில் காரில் ஏறியதும் ஷாமினி அதைப் பார்த்தாள். கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில் இடுப்போடு இறக்கி, மேல்பட்டையை நெஞ்சின் நடுவே விட்டு மாட்டிக்கொண்டாள்.

"சரியா இருக்காம்மா?"

"சரியா இருக்குப்பா."

செம்பனைத் தோட்டத்து மண்பாதையிலிருந்து பழக்குலை ஏற்றிய ஒரு லாரி திடீரென்று ரோட்டில் ஏறியது. அர்ச்சுனன் பிரேக்கை ஓங்கி மிதித்தார். இடது கை பறந்தது. அது போய்ச் சேர்வதற்குள் பெல்ட் ஷாமினியை இருக்கையோடு பிடித்து நிறுத்திவிட்டது. லாரி போய்விட்டது. கை மட்டும் நடுவில் நீட்டியபடி நின்றது.

ஷாமினி அந்தக் கையைப் பார்த்தாள். "அம்மாவுக்குக் குறுக்க நீட்டுற மாதிரியே" என்றாள்.

டேஷ்போர்டிலிருந்து தெறித்த நீலக் கிளிப்பு அவள் காலடியில் கிடந்தது. எடுக்கக் குனியப் பார்த்தாள், பெல்ட் விடவில்லை.

"கெடக்கட்டும்மா" என்றார் அர்ச்சுனன். கையை எடுத்து கியரில் வைத்தார்.