பூ விழாத கல்

தாது வருஷப் பஞ்சத்தில் காளப்பநாயக்கன்பட்டி ஏரி பாளம் பாளமாக வெடித்த பிறகுதான், ஊருக்கு ஒரு காலத்தில் மலையிலிருந்து தண்ணீர் வந்தது செங்கோடனுக்கு உறைத்தது. அதுவரை அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்த கல்வாய்க்காலை யார் மதித்தார்கள்? மதகுக்கல்லில் மாடு கட்டினார்கள். தொட்டிக்குள் குப்பை கொட்டினார்கள்.

ஊராரைத் தூர் வாரச் சொல்லிவிட்டு, மிஞ்சிக் கிடந்த கற்களின் தடம் பிடித்து அவன் மலையேறினான். மலைமேல் அரியூர் நாடு என்ற பகுதியில் ஒரு பாறைச்சரிவில் தடம் முடிந்தது. ஊற்றுக்கண்ணை அடைத்து யாரோ என்றோ சாத்திய பலகைக்கல் அங்கே நின்றது. மலைக்காரர்கள் அதற்கு மஞ்சள் பூசிச் சாமியாக்கியிருந்தார்கள்.

"கல்லை நகத்தோணுமின்னா சாமிகிட்டப் பூக் கேக்கோணுமுங்க," என்றார் பூசாரி சடையன். "பூ உழுந்தா உத்தரவு. பயப்படாதீங்க, எங்க பாட்டன் காலத்துல இருந்து இந்தச் சாமி இல்லேன்னதே இல்லீங்க. வெச்ச கையை எடுக்கறதுக்குள்ள வழுக்கி உழுந்துரும்."

கல்லின் சரிந்த முகப்பில் அரளிப்பூவை வைத்தார். காத்திருந்தார்கள். பூ அசையவே இல்லை.

"என்ன குத்தம் பண்ணுனமோ!" என்று சடையன் தலையில் அடித்துக்கொண்டார்.

செங்கோடன் கல்லைத் தடவிப் பார்த்தான். விரலில் புழுதி ஒட்டியது. இத்தனை காலமும் பூவை வழுக்கி விழவைத்த ஊற்றுக்கசிவு அதில் துளியும் இல்லை.

"விரதமிருந்து நாளைக்கு மறுக்காக் கேக்கறேனுங்க," என்றார் சடையன்.

செங்கோடன் திரும்பிப் பார்த்தான். வெகு கீழே, சாயும் வெயிலில், வாய்க்கால் நெடுக ஊராரின் மண்வெட்டிகள் மின்னிக்கொண்டிருந்தன.