வேகத்தைக் கழித்த விலை

தையல்காரரின் காரிலிருந்து கழற்றி வைத்த இன்ஜின் நான்காம் நாள் காலை, கடையில் துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில், ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட இல்லாமல் தானாக ஓடத் தொடங்கியது. பதினான்கு வருடமாகக் காது கேட்காத அவர் மனைவி, பித்தான் தைத்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்கி, "ஏங்க, அந்தத் தையல் மெஷினுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்க, கிறீச்சுங்குது" என்றாள். அன்று பால் விலையும் ஏறியிருந்தது. தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அது இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணத்துக்கு முன், தலையில் முடி இருந்த காலத்தில் வாங்கியது. பிஸ்டன் இறுகி அது நின்றுபோய்ப் பதினொரு வருடமாகிவிட்டது. அந்த மாடலைக் கம்பெனியே மறந்துவிட்டது. ஆனால் ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில், பழைய இன்ஜின்களைப் பிரித்துக் கழுவி, உள்ளே எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, முன்பைவிட இரண்டு மடங்கு வேகமாக ஓடும்படி செய்து விற்கிறவர் ஒருவர் இருந்தார். விலை ஆறு லட்சம். அதுவும் பழைய இன்ஜினை அவரிடம் ஒப்படைத்தால்தான், இல்லையென்றால் ஒன்பது. புதிதாக யாரும் வார்க்காத இரும்பு அது, இது வந்தால்தான் அடுத்தவருக்குச் செய்ய முடியும் என்றார். அதில் நியாயம் இருந்தது. தையல்காரர் பதினொரு வருடம் கோட்டு தைத்து ஆறு லட்சம் சேர்த்திருந்தார். ஒன்பது சேருவதற்குள் அவருக்கு அறுபத்தெட்டு வயதாகிவிடும்.

இன்ஜின் சத்தம் தெருமுனை இஸ்திரிக் கடை வரைக்கும் கேட்டது. அவள் காதும் சரியாக அதுவரைக்கும்தான் கேட்டது. அந்த இஸ்திரிக் கடையைத் தாண்டி ஓரடி வைத்தால் பழைய அமைதி. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. கத்தரி துணியில் ஓடுவதை உட்கார்ந்து கேட்டாள், குழம்பு கொதிப்பதைக் கேட்டாள், எதிர்வீட்டுச் சண்டைகளை ஒன்றுவிடாமல் கேட்டாள். சிக்கல் தையல்காரருக்குத்தான். காய்ச்சலில் அவளுக்குக் காது போனதிலிருந்து, சொல்ல வேண்டியதைக் கறுப்புத் துணித் துண்டில் சாக்கட்டியால் எழுதிக் காட்டுவார். எழுத முடியாததை, அதாவது சர்க்கரை போடாத டீயையும் கோணலாகத் தைத்த பித்தானையும் அவள் தம்பியையும் பற்றிய அபிப்பிராயங்களை, அவளுக்கு முதுகைக் காட்டி, ஆளுயரக் கண்ணாடியின் முன் நின்று முணுமுணுத்துத் தீர்த்துக்கொள்வார். இப்போது அந்த வாய்க்குப் பூட்டு விழுந்தது. இரண்டாவது வாரம் வயிறு உப்பிக்கொண்டது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே நிறையப் பேச்சு தங்கியிருக்கிறது என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக்கொடுத்தார்.

தானாக ஓடுகிற இன்ஜினைக் காரிலேயே திரும்ப மாட்டினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றியது. மூன்று பேர் சங்கிலி போட்டுத் தூக்கி மாட்டினார்கள். காருக்குள் போனதும் அது வெறும் இரும்பாகிவிட்டது. அதே நொடியில் எதிர்வீட்டுச் சண்டை பாதியில் அறுந்துபோக, அவள் கையிலிருந்த ஊசியை மேசையில் வைத்தாள். தையல்காரர் விடுவிடுவென்று உள்ளே வந்து கண்ணாடி முன் நின்று ஏதோ முணுமுணுத்தார். அரை மணி நேரத்தில் இறக்கி வைத்தார்கள். இன்ஜின் ஓடியது, அவளுக்கும் கேட்டது.

மறுநாள் அவள், "பழசைக் குடுத்துட்டுப் புது இன்ஜினை எடுத்துட்டு வாங்க. எனக்குச் சாக்கட்டி பழகிப்போச்சு" என்றாள். ஆறு, ஒன்பது கணக்கைப் பற்றி அவர் வீட்டில் மூச்சே விட்டதில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்கவும் தைரியம் வரவில்லை. இரண்டு நாள், கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். கார் ஓடும், முணுமுணுக்கவும் செய்யலாம். அப்படி நினைத்ததற்காக மனிதர் உண்மையிலேயே வெட்கப்பட்டார். மூன்றாம் நாள் பஸ் பிடித்துக் கொட்டகைக்குப் போனார்.

"பழசைத் தர முடியாது. என்கிட்ட ஆறுதான் இருக்கு. வேகத்தைக் கழிச்சிட்டு விலை சொல்லுங்க."

இன்ஜின்காரர் முப்பது வருடத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. "அண்ணே, வேகத்துக்குத்தானே எல்லாரும் என்கிட்ட வர்றாங்க?"

"எனக்கு ஓடினாப் போதும்."

இன்ஜின்காரர் பேனாவை எடுத்தார். எடை குறைந்த பிஸ்டன், இரட்டைக் கார்பரேட்டர், இன்னும் வேகம் தருகிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டுக் கூட்டினார். ஆறு லட்சத்து இருபதாயிரம் வந்தது. இருபதாயிரத்துக்குத் தனக்கு ஒரு கோட்டு தைத்துத் தரச் சொன்னார். அளவெடுத்துக்கொண்டுதான் தையல்காரர் கிளம்பினார்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் சைக்கிள்களுக்கு வழிவிட்டபடி தெருவில் இறங்கியது. இஸ்திரிக் கடையைத் தாண்டியதும் அவள் காது அடைத்தது. தையல்காரர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, முகத்தைச் சாலைக்கு நேராக வைத்துக்கொண்டு, சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் ஆரம்பித்தார். டீ முடிந்து, பித்தான் முடிந்து, தம்பியிடம் வந்தபோதுதான் கவனித்தார். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கும் கண்ணாடியை அவள் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அதில் அவர் வாய் முழுசாகத் தெரிந்தது.

அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கடையின் ஆளுயரக் கண்ணாடி நினைவுக்கு வந்தது. பதினான்கு வருடமும் நினைவுக்கு வந்தது.

"அன்னிக்கு இன்ஜினைக் கார்ல ஏத்தினப்போ, 'ஒன்பதுக்கு நான் எங்க போவேன், ஆனா இவளுக்குக் கேக்கணுமே'ன்னு சொல்லிட்டுக் கண்ணைத் தொடைச்சீங்களே, அதையும் பாத்தேன்" என்றாள். "தம்பியைப் பத்திப் பாதியில விட்டுட்டீங்க. சொல்லுங்க."

அவர் இன்னொரு சைக்கிளுக்கு வழிவிட்டார். பிறகு தம்பியைப் பற்றிய மீதியையும் சொன்னார். அவள் சில இடங்களில் ஆமாம் என்றாள். வயிற்று உப்பல் அன்றைக்கே இறங்கியது. திரும்பி வரும்போது இஸ்திரிக் கடை முனையில் அவளுக்குக் காது கேட்கத் தொடங்கியது. அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தார்.