எந்த விரல்

அப்பாவுக்குச் சட்டையின் வலது மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது மகளின் கை நின்றுவிட்டது. அப்பாவின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கைப் பக்கம், சதை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். அழுத்திப் பார்த்தாள். விரல் நேராக எலும்பில் போய் இடித்தது.

அப்பாவின் உயிர் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மருத்துவமனையின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஓர் அறையைக் கொடுத்து, உடை மாற்ற அரை மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் வண்டிக்காக வெளியே நின்றிருந்தான். அம்மா அவர் காலில் காலுறையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதருக்குக் காலுறை இல்லாமல் இருக்கப் பிடிக்காதாம்.

மகளுக்குப் பிழைப்பே கைதான். பதினாறு வருடமாக வேறொரு ஊரில் கைக்கும் விரலுக்கும் மட்டும் சிகிச்சை கொடுக்கிறாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையை நீட்டுவார்கள். மடக்கிய விரல் அடம்பிடித்துவிட்டு டக்கென்று நிமிர்ந்தால் ஒரு கதை. உள்ளங்கையில் கயிறு போலத் தடித்து, விரல் மெல்ல மெல்ல உள்ளே மடங்கிக்கொண்டே போனால் வேறு கதை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் மரத்து, தூக்கத்தில் எழுந்து கையை உதறினால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. பட்டை ஒன்று கட்டிக்கொண்டு படுத்தால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தால் மட்டும் பட்டை கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. அது வேறு நரம்பு; அது நலிந்தால் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை கரைந்து பள்ளம் விழும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். முழங்கை, அக்குள், கழுத்து. கழுத்துக்குச் சற்றுக் கீழே நுரையீரலின் உச்சி.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை அவள் முதல் நாளே மிரட்டி வைப்பாள். “எந்த விரல்னு நீ சொல்லாத. அவங்க தொட்டுக் காட்டட்டும். நீ பேரைச் சொன்னா, பாவம், எல்லாரும் ஆமான்னு தலையாட்டிடுவாங்க.”

எட்டு மாதத்துக்கு முன்னால் அப்பா போன் செய்தபோது வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

“கை மரத்துப்போகுதும்மா. பொத்தான்கூடப் போட வரல.”

“கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல், இந்த மூணும்தானப்பா?”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “ஆமாமா, அதுதான்.”

“ஸ்டியரிங் பிடிச்ச கை, வேற என்னவா இருக்கும்? ஒரு பட்டை அனுப்புறேன். கட்டிக்கிட்டுப் படுங்க.”

கட்டை விரலின் அடி வரை மூடும் பட்டை ஒன்றை அனுப்பினாள். அதன் பிறகு மூன்று முறை வந்து பார்த்தாள். மூன்று முறையும் அப்பாவின் கையில் பட்டை இருந்தது. “கழட்டுங்க, பாக்கறேன்” என்றபோதெல்லாம் “இப்பதான் மாட்டினேன், விடு” என்றார். சொன்ன பேச்சைக் கேட்கிறாரே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் நுரையீரலில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். கைக்கும் கட்டிக்கும் முடிச்சுப் போட்டு அவளிடம் யாரும் பேசவில்லை.

“அம்மா, அப்பாவுக்கு எந்த விரல் மரத்துப்போச்சு?”

அம்மா காலுறையை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். அப்பாவின் சுண்டு விரலைத் தொட்டாள். பிறகு மோதிர விரலை. அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

மகளுக்குத் துக்கத்துக்கு முன்னால் வெட்கம் வந்தது. காது வரைக்கும் சுட்டது.

“என்கிட்ட அப்படிச் சொல்லலையே.”

“நானும் கேட்டேன். ஏங்க, சுண்டு விரல்னுதானே சொல்லிட்டிருந்தீங்கன்னு. நம்ம பொண்ணுக்குத் தெரியாததா, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டாரு.”

அம்மா சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தாள்.

“ஸ்கேன் எடுத்த அன்னிக்கு டாக்டர் கையைத்தான் முதல்ல பாத்தாரு. எத்தனை மாசமா இப்படி இருக்குன்னு கேட்டாரு. கட்டி அந்த நரம்பை அமுக்குதாம். ஆரம்பத்துலயே வந்திருந்தீங்கன்னா அப்படின்னு எதையோ சொல்ல ஆரம்பிச்சாரு. உங்கப்பா மேல பேசவிடல. வீட்டுக்கு வர்ற வழியிலதான் சொன்னாரு, பொண்ணுக்குத் தெரியவேண்டாம், தெரிஞ்சா அவ தொழிலே பண்ண மாட்டான்னு.”

“அப்போ அந்தப் பட்டை?”

“நீ வர்ற அன்னிக்கு மட்டும் மாட்டிவிடச் சொல்லுவாரு. பள்ளம் தெரியக்கூடாதுல்ல.”

கதவு திறந்தது. அண்ணன் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தான். பதினெட்டு வருடம் அப்பாவோடு ஒரே பஸ்ஸில் போன கண்டக்டர். அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என் தங்கச்சி சார். கை டாக்டர் மாதிரி. கடைசி வரைக்கும் அப்பா கைக்கு வைத்தியம் பாத்தது இவதான்” என்றான் அண்ணன். அன்று முழுக்க அவனுக்குச் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே நல்ல விஷயம் அது.

“அப்பா உன்னைப் பத்திச் சொல்லாத நாளில்லம்மா” என்றார் கண்டக்டர். அப்படியே, பழக்கதோஷம் போல, வலது கையை நீட்டினார். “எனக்கும் இந்த விரல் காலையில மடங்கிக்கிட்டு நிமிர மாட்டேங்குது. இந்த நேரத்துல கேக்கறது தப்புதான்…”

மகள் கையைப் பிடிக்கவில்லை. அம்மா அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. இத்தனை பாடுபட்டு அப்பா மூடி வைத்ததை அப்படியே விட்டுவிடலாம். இந்த அறையில் இருக்கும் யாருக்கும் அதனால் நஷ்டமில்லை.

“இல்லண்ணா” என்றாள், அண்ணனைப் பார்த்து. “நான் தப்பாச் சொல்லிட்டேன். எந்த விரல்னு அவரைக் கேக்காம நானே சொன்னேன். அது கையில வந்த நோயே இல்ல. நுரையீரல் கட்டிதான் முதல்ல கையில காட்டியிருக்கு. ஆறு மாசம் என்னாலதான் போச்சு.”

“இப்ப எதுக்குடி…” என்று ஆரம்பித்த அண்ணன் பாதியில் நிறுத்தினான். அவள் அழுகிறாளா என்று முகத்தைப் பார்த்தான். அழவில்லை. அதனால் அவனால் ஆறுதல் சொல்லவும் முடியவில்லை. வண்டி வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போனான்.

கண்டக்டரின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதை அவரே ஒரு முறை பார்த்தார். பிறகு அவள் மனம் நோகாத அளவுக்கு மெதுவாக இழுத்து, பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அவள் குனிந்து, போடாமல் விட்ட பொத்தானைப் போட்டாள். இரண்டு தடவை நழுவியது.

அறையில் நாற்காலி இரண்டுதான். அம்மா ஒன்றில் உட்கார்ந்தாள். அடுத்ததில் அப்பாவின் மருந்துப் பை இருந்தது. அம்மா அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, காலியான நாற்காலியை மகள் பக்கம் தள்ளினாள்.