எறாவுக்கு வெடித்த செல்

அமாவாசைக்கு அமாவாசை கோவிந்தம்மாளுக்குக் காணாக்கடி வந்தது. காலையில் மேல்மலையனூர் போய் அங்காளம்மனைப் பார்த்துவிட்டு, பொழுது சாய விழுப்புரம் வீட்டுக்குத் திரும்புவார். மருமகள் ஆக்கிவைத்ததைச் சாப்பிட்டுக் கைகழுவுவதற்குள் கழுத்திலிருந்து முழங்கால் வரை தடிப்புத் தடிப்பாக வீங்கிவிடும், சொறிந்து மாளாது. காரணத்தை அவரே கண்டுபிடித்துவிட்டார். மருமகளுடையது திண்டிவனத்து ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டவர் ரத்தத்தைத் தொடுகிற கை. கோயிலுக்குப் போய்வந்த உடம்புக்கு அந்தக் கைச்சோறு எப்படி ஒத்துக்கொள்ளும்? ஆடி பிறப்பதற்குள் அவள் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார். மகன் பிரவீன்குமார் அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு செல்போனைப் பார்த்தான்.

மருமகள் கலைப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது. காணாக்கடி ஏன் வருகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலையே. நம் தோலுக்கடியில் மாஸ்ட் செல் என்று ஒன்று உண்டு. அதற்கு மூக்குமேல் கோபம். ஆகாத சாப்பாடு உள்ளே வந்தால் பட்டென்று வெடித்து அரிப்புச் சரக்கைக் கொட்டிவிடும். பிரசவ வார்டில் தூக்கிப்போடுகிற தொப்புள்கொடி ரத்தத்தைக் கேட்டு வாங்கிவந்து, அதிலிருந்து இந்தச் செல்களைப் பத்து வாரம் வளர்ப்பாள். நேரம் தவறாத தீனி, மாறாத சூடு. புகுந்த வீட்டில் அவளுக்கே அந்தக் கவனிப்பு கிடையாது. நோயாளியின் ரத்தநீரை விட்டு ஊறவைத்தால் செல்கள் அந்த ஆளின் குணத்துக்கு வந்துவிடும். பிறகு ஒவ்வொரு சாப்பாடாகக் காட்டினால், எதற்கு வெடிக்கிறது என்று குழிகுழியான சோதனைத் தட்டிலேயே தெரிந்துவிடும். இந்த வேலையை விட்டால் செத்துப்போவோம் என்றே அவளுக்குத் தோன்றியது.

“உங்க ரத்தத்தைக் குடுங்க அத்தை. என் சோறா இல்லியான்னு பார்த்துடலாம்” என்றாள். கோவிந்தம்மாள் பஞ்சாயத்தில் ஜெயித்தவர்போலக் கையை நீட்டினார்.

அமாவாசைச் சாப்பாட்டில் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் துவையல் என்று எல்லாவற்றிலும் சிட்டிகை எடுத்து வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, வெடிக்கவே வெடிக்காத ஒன்றும் வேண்டும். அதற்கு இறாலை, அவர்கள் பேச்சில் எறாவை, வைத்தாள். மகன் கல்யாணம் கூடிவந்தால் கறிமீன் தொடமாட்டேன் என்று பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு, மூன்று வருஷமாய் மோர்க்குழம்போடு வாழ்கிறவர் மாமியார். அவர் ரத்தத்துக்கும் எறாவுக்கும் என்ன சம்பந்தம்? மாமியார் விரதத்தை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எந்தப் புரொபசரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

சாம்பாருக்குச் செல்கள் அசையவில்லை. துவையலுக்கும் சும்மா கிடந்தன. எறா விட்ட குழியில் மட்டும் பாதிக்குமேல் வெடித்திருந்தன. தட்டு மாறிவிட்டதோ என்று பயந்து மறுபடி செய்தாள். மறுபடியும் அதேதான்.

சந்தோஷமும் கோபமும் சேர்ந்து வந்தன. புருஷன் முன்னால் போட்டு உடைக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தாள். வீட்டில் மாமியார் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. பிரவீன்குமார் கடைக்குப் போகும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னாள்.

கோவிந்தம்மாள் முதலில் கேட்டது மகனுக்குத் தெரியுமா என்றுதான். தெரியாது என்றதும் மூச்சு வந்தது. திரும்பும்போது செஞ்சியில் பஸ் மாறுகிற இடத்தில் ஒரு மெஸ். அங்கே எறாத் தொக்கு.

“வாக்கு பெருமாளுக்குத்தானே குடுத்தேன்? அங்காளம்மன் ஆடு கோழி கேக்கறவ. அவளைப் பார்த்துட்டு வர்ற அன்னிக்கு மட்டும் துன்னுக்கினு இருந்தேன்” என்றார். சின்ன வயசிலிருந்து தின்ற எறா இப்போது சேராமல் போகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த தடவை தொண்டை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம், எறா பக்கமே போகக் கூடாது என்று கலைப்பிரியா கண்டிப்பாகச் சொன்னாள். பிறகு வேலையைப் பற்றிக் கேட்டாள்.

“போயேன். யாரு உன்னை வாணாம்னா?”

கோவிந்தம்மாள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏம்மா கலை, அந்தத் தட்டுல நாளைக்கு நண்டு கொஞ்சம் வச்சிப் பாரேன்.”