காகிதத்தில் எழுந்த கோடுகள்

வேன் பழுதுபார்க்கும் வேலையில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அது அவளுக்கும் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். கணவன் ஓட்டும் பள்ளி வேனின் முன்சக்கரத்துக்கு நேற்று அவள்தான் புது பேரிங் போட்டாள். இன்று டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது, அணைவேனா என்கிறது.

சக்கரத்தின் சுழற்சியைக் கவனிக்கும் சென்சாரை மாற்றிப் பார்த்தாள். ஊஹூம். சக்கரம் வழுக்கினால் பிடித்து நிறுத்தும் வேலையை வண்டி கைவிட்டுவிட்டது என்றுதான் அந்த விளக்குக்கு அர்த்தம். மதியத்திலிருந்து மழை வேறு. மூன்று மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவன் மலைப்பாதையில் ஏற வேண்டும்.

ஒயரிங் பார்க்கும் கொழுந்தன் வந்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, பேரிங்கை எந்தப் பக்கமா வச்சீங்க?"

"எழுத்து இருக்கிற பக்கம் வெளியே. எப்பவும் அப்படித்தானே? ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

அவன் இன்னொரு புது பேரிங்கின் மேல் காகிதம் வைத்து, கிரைண்டரடியில் கிடந்த இரும்புத் தூளைத் தூவினான். ஒன்றும் ஆகவில்லை. புரட்டி வைத்துத் தூவினான். தூள் மெல்லிய கோடுகளாக எழுந்து, ஒரே இடைவெளியில், வட்டமாக நின்றது.

"அத்தனையும் காந்தம் அண்ணி. சக்கரம் சுத்தச் சுத்த சென்சார் இதை எண்ணும். நாலுல ஒண்ணு மட்டும் வேகமா ஓடினா, வழுக்குதுன்னு அர்த்தம். உடனே அதுக்கு மட்டும் பிரேக், இன்ஜினுக்கும் கடிவாளம்."

அவள் அந்தப் பக்கத்துக் கறுப்பு வளையத்தைத் தடவிப் பார்த்தாள். வெறும் கறுப்பு ரப்பர் என்று எத்தனை வருடம் துடைத்துப் போட்டிருக்கிறாள்! எண்ணுகிறவனுக்கு முதுகைக் காட்டியல்லவா மாட்டியிருக்கிறாள்.

நேற்றுப் போட்டதைக் கழற்றி, புதியதைச் சரியாக அழுத்தி மாட்டினாள். விளக்கு அணைந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் வேனில் அவளும் ஏறிக்கொண்டாள்.

மேட்டு வளைவில் சேறு வழிந்து கிடந்தது. இடது சக்கரம் வெறுமனே சுழன்றது, வேனின் மூக்கு பள்ளத்துப் பக்கம் நகர்ந்தது. அவள் கத்த வாய் திறப்பதற்குள் மஞ்சள் விளக்கு, பிடித்துவிட்டேன் என்பதுபோல் இரண்டு முறை மின்னியது. அடியில் பிரேக் தானாகக் கரகரத்தது. வேன் நிமிர்ந்து மேலே ஏறிவிட்டது.

"பார்த்தியா ஐயாவோட கைப்பக்குவத்தை!" என்றான் கணவன்.

வேறு நாளாக இருந்தால் அவனை ஒரு வழி பண்ணியிருப்பாள். இப்போது பின்னால் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தாள். விளக்குதானே, போயிட்டு வாங்க என்று காலையில் இதே பிள்ளைகளைக் கூட்டிவர அவனை அனுப்பியது அவள்தான். அப்போது மழை இல்லை. அவ்வளவுதான்.