கைடு சீட்

டெப்போவில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. இருபது வருடமாகச் சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறார். அதில் பதினெட்டு வருடம் வண்டிக்குக் கைடு அவர் மனைவிதான். அவள் இறந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை. யாராவது தட்டில் போட்டால் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

லீவு முடிந்து இன்றுதான் வண்டி எடுக்கிறார். கூட வரும் புதுக் கைடு சாயங்காலம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: இவர் இனி ஓட்டலாமா, கூடாதா. கூடாது என்றால் டிக்கெட் கவுண்டர்தான். வீட்டுச் சுவரையே வெறித்துச் சலித்த மனிதரைக் கண்ணாடிக் கூண்டில் அடைக்கலாம் என்று எந்தப் புத்திசாலிக்குத் தோன்றியதோ!

ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. கை தானாக வேலை செய்தது. வளைவுகளில் தண்ணீர் பாட்டில்கூட உருளவில்லை.

"வண்டி ஓடுறதே தெரியலண்ணே," என்றாள் புதியவள், கதவோரச் சீட்டிலிருந்து. அவர் தலையாட்டினார். அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் எல்லோரும் ஏறியதும் கண்ணாடியில் தலைகளை எண்ணினார். கைடு சீட் அந்தக் கண்ணாடியில் விழாது. அதனால் பார்க்காமலே அதை ‘ஒன்று’ என்று தொடங்குவார், பிறகு பயணிகள். நாற்பத்திரண்டு. கணக்கு சரி. கதவை மூடிக் கிளம்பினார்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்பார். முன்வரிசைப் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, கைடு பொண்ணு ஏறவே இல்லையே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வெட்கப்பட வேண்டும் என்று நிதானத்துக்குத் தெரிந்தது. வெட்கம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இடம் பார்த்து வண்டியைத் திருப்பினார்.

அவள் ஹோட்டல் வாசலில் படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஏறி உட்கார்ந்தாள்.

"என்னை எண்ணலையாண்ணே?"

"எண்ணினேம்மா. முதல்ல உன்னைத்தான்..." நிறுத்தினார். "உன்னை இல்ல. அவளை."

அவள் பேனாவைத் திறந்தாள், மூடினாள். "இப்ப எண்ணுங்க. என்னைப் பாத்து எண்ணுங்க. அப்புறம் போலாம்."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்தச் சீட்டில் முன்பின் தெரியாத ஒரு பெண் இருந்தாள். ‘ஒன்று’ என்பது தொண்டையைத் தாண்டவில்லை. நாற்பத்தொரு நாள் அழுகையும் அதன் பின்னால் வந்து முட்டியது. சாவியை உருவி அவள் கையில் வைத்தார்.

"வேற டிரைவரை வரச் சொல்லும்மா. இவங்க பத்திரமா வீடு போய்ச் சேரணும்."

மாற்று டிரைவர் வர இரண்டு மணி நேரம் ஆனது. கிளம்புமுன் அவள் கடைசி வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள். தன்னையும், கைடு சீட்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவரையும் சேர்த்து, நாற்பத்து மூன்று.